பாறசாலையில் ஒரு கோலி, இரண்டு அணி

எழும்பூரில் ரயில் ஏறும்போது என் பையில் இரண்டு வேட்டியும் இரண்டு ஜிப்பாவும் ஒரு துண்டும் இருந்தன. மண்டையில் லாரி கம்பெனி முதலாளி ஒருவர் கொடுத்தனுப்பிய கேள்வி இருந்தது. சென்னைப் பட்டணத்தில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கால்பந்து ஆடவைக்கும் அணி ஒன்று ஏற்கெனவே உண்டு. பஞ்சாலைக்காரர் ஒருவர் நடத்துகிறார். இவரும் ஒன்று ஆரம்பித்தால் ஊர் தாங்குமா?

நான் ஒரு வாரப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவன். பந்தை உதைத்ததைவிட அதைப் பற்றிப் பேசியது அதிகம். முதலாளி கேட்டவுடன் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் பதில் சொன்னேன்: "ஜனம் இரண்டாகப் பிரிந்தால் தாங்கும். பிரியவில்லை என்றால் டிக்கெட் விற்காது." உடனே அவர், "தெற்கே தமிழ்த் தாலுகாக்களை நம்ம ராஜ்யத்தோட சேர்க்கணும்னு எல்லைப் போராட்டம் நடக்குதே, பாறசாலைப் பக்கம் நல்லாப் பந்து ஆடுறாங்களாம். அங்கேயிருந்து நாலு பேரைக் கொண்டுவந்து இறக்கி, எல்லைத் தமிழன் அணின்னு போஸ்டர் ஒட்டினா? ஜனம் தானாப் பிரியும்" என்றார். எனக்கு அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது சரியல்ல.

வெள்ளிக்கிழமை நண்பகல். செங்கோட்டைக் குகைகளின் கரி மூக்கிலிருந்து போகுமுன் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே சாயா ஒரு அணா, ஏத்தங்காய் அப்பம் ஒரு அணா. பாறசாலைக்குப் பஸ்ஸில் பத்தணா டிக்கெட். நெய்யாற்றின்கரை பன்னிரண்டு மைல், அங்கிருந்து இன்னும் ஆறேழு மைல் என்றார் கண்டக்டர். ஏறும்போதே கதவோரத்து ஆணி ஒன்று என் ஜிப்பாவின் தோளைப் பிடித்து அரை முழத்துக்குக் கிழித்துவிட்டது. பட்டணத்துக்காரன் என்பதற்கு வேறு அடையாளம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கிழிசலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். சாமுவேல் என்று பெயர். பாறசாலையில் பள்ளிக்கூட வாத்தியார். தோளில் மடித்த குடை, மடியில் ஒரு சீப்பு ரசகதளிப் பழம். நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகுதான் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கேருந்து வாறிய?"

"மெட்ராஸ்."

அவர் முகம் மாறியது. "அவ்வளவு தூரத்துலேருந்தா? அப்பம் எங்க விசயமாட்டாக்கும் வந்திருக்கிய!"

நான் வாயைத் திறப்பதற்குள் அமரவிளைப் பாலம் வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொருவர் பையாகக் கிளறினார்கள். நெய்யாறு கீழே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சாமுவேல் சாரின் பழச் சீப்பையும் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். பஸ் நகர்ந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்க மச்சினன் இப்பளும் ஜெயில்ல ஆக்கும். கூட்டத்துக்குப் போனதுதான் குத்தம். நீங்க பத்திரிகைக்காரரு, நேர்ல கண்டு எழுதுங்க சாறே. அங்க உள்ளவங்களுக்கு எங்களைத் தெரியவே இல்ல."

மச்சினன் ஜெயிலில் இருக்கும் மனிதரிடம், நான் பந்து உதைக்க ஆள் பிடிக்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஆமாம், எழுதத்தான் வந்தேன்" என்றேன். அந்த வெட்கத்தில் இரண்டு நாள் தின்று, உறங்கி, பேசவும் பேசினேன்.

வெள்ளிக்கிழமை மாலை. விடுதியில் தங்க சாமுவேல் சார் விடவில்லை. அவர் வீடு மிஷன் கோயிலுக்குப் பின்னால் இரண்டு ஓட்டு அறை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைத்தன. விளக்கேற்றுவதற்கு முன்பே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார் என்று சேதி போயிருந்தது. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை என்றார் ஒருவர். ஆரியங்கோட்டிலிருந்து நடந்தே வந்த இன்னொருவர், ரப்பர்ப் பால் வாடை கையில் இருக்க, கோடு எங்கே விழும் என்று என்னிடம் கேட்டார். விளவங்கோடு ஒரு பக்கம் போய் நெய்யாற்றின்கரை இன்னொரு பக்கம் போனால், பெண் கொடுத்த வீடு அங்கே, பெண் எடுத்த வீடு இங்கே. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்? கோல் கம்பத்துக்கு அப்பால் எந்தக் கோட்டைப் பற்றியும் நான் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை காலை. கிழிந்த ஜிப்பாவைத் தைக்க, தனுவச்சபுரம் போகும் சாலையில் ஒரு தையல் கடைக்குச் சாமுவேல் சார் கூட்டிப்போனார். கடைக்காரர் பெயர் தாசையன். முப்பது வயதிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது சாதாரண ஆள். எழுந்து நின்றபோது தலை உத்திரத்தைத் தொட்டது. கைகள் முழங்காலுக்கு வந்தன. அந்தக் கைகளைப் பார்த்ததுமே என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

கடைச் சுவரோரம் நீலச் சட்டைகள் ஒரு குவியல், சிவப்புச் சட்டைகள் ஒரு குவியல்.

"இது என்ன?"

"நீலம் சர்ச் டீமு, சிவப்பு வாசகசாலை டீமு. இன்னைக்கு நாலு மணிக்குக் களி உண்டு" என்றார் தாசையன். ஊசியை வாயில் கடித்தபடியே பேசினார். "ரெண்டுக்கும் நான்தான் கோலி ஆக்கும்."

களி என்றால் அந்தப் பக்கத்தில் ஆட்டம், கோலி என்றால் கோல்கீப்பர். "ரெண்டுக்கும் எப்படி நிற்பீர்கள்?"

"முதப் பாதி இவங்களுக்கு. ரெண்டாம் பாதி அவங்களுக்கு. நான் எங்கயும் போவாண்டாம் சாறே. பாதி கழிஞ்சா டீமுகள்தானே எடம் மாறும்? நான் நின்ன கம்பத்துலயே நிப்பேன்."

சிரித்துவிட்டேன். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடுகிற ஆளை நான் எங்கும் கண்டதில்லை. எதிர்ப்பக்கக் கம்பத்தில் அந்தந்தப் பாதிக்கு யாராவது ஒருவர் சும்மா நிற்பாராம். கோல் எல்லாம் அந்தப் பக்கம்தான் விழும். ஆக ஒவ்வொரு அணிக்கும் கோல் போட ஒரு பாதி, வாங்க ஒரு பாதி.

அப்போது கடைக்குள் வந்தவர் மாதவன் பிள்ளை. வாசகசாலை அணியை நடத்துகிறவர். ஐம்பது தாண்டியவர், துண்டு தோளில், தமிழும் மலையாளமும் கலந்து வரும் பேச்சு. அவரிடம் நான் காரணம் கேட்டேன். போராட்டத்தை எழுத வந்தவன் பந்தைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்கிறானே என்று சாமுவேல் சார் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்கலாம்.

"நல்ல கோலி இங்க ஒருத்தரே உள்ளு சாறே" என்றார் மாதவன் பிள்ளை. "ஒரு டீமே வச்சுக்கிட்டா மத்தவன் தோத்துத் தோத்துச் சலிச்சு மடுத்துப்போவான். பொறவு களிக்க வரமாட்டான். அவன் வரல்லண்ணா இவன் யாரு கூட களிக்கிறது? ரெண்டு டீமு வேணும்ணா உள்ளதெப் பாதி பாதி எடுக்கணும்."

பட்டணத்தில் முதலாளி கேட்ட கேள்விக்கு ஒருவகையில் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. நான் அதைக் கேட்டேன், ரசித்தேன், காதோடு விட்டுவிட்டேன். என் மனசெல்லாம் தாசையனின் கைகளில் இருந்தது. ஜிப்பாவைத் தைத்த இடம் தெரியாமல் தைத்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, "நீங்க கெஸ்டு ஆக்கும்" என்று கையைத் தட்டிவிட்டார்.

மாலை நான்கு மணி. அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். மேற்கே தென்னை, கிழக்கே வரப்பில் ஜனம். கமுகு மரத்தைச் சீவி நட்ட கம்பங்கள். சர்ச் அணி என்றால் எல்லோரும் தமிழர், வாசகசாலை என்றால் எல்லோரும் மலையாளி என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கத்திக் கூப்பிட்ட பெயர்களைக் கவனித்திருந்தால் அது தப்பு என்று தெரிந்திருக்கும். நீலச் சட்டையில் ஒரு குமாரன் நாயர் ஓடினார், சிவப்பில் ஒரு செல்லையன்.

முதல் பாதியில் தாசையன் தெற்குக் கம்பத்தில் சர்ச் அணிக்கு நின்றார். நான் பார்த்த மிகச் சிறந்த பந்துக்காவல்களில் அது ஒன்று. அவர் பாய்வதில்லை. பந்து வரப்போகிற இடத்தில் முன்பே போய் நின்று, குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொள்வார். வடக்கே வாசகசாலை நிறுத்திய ஆள் இரண்டு கோல் விட்டார். யாரும் கவலைப்படவில்லை. அடுத்த பாதி அவர்களுடையது.

இடைவேளை விட்டதும் ஒரு வழக்கம். வாசகசாலை அணியின் தலைவர் ஒரு கிளாஸ் எலுமிச்சம்பழ வெள்ளத்தைக் கொண்டுபோய்த் தாசையனிடம் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக் குடித்தால் அவர் அவர்கள் ஆள். நீலச் சட்டைக்காரர்கள் அவர் முதுகில் தட்டிவிட்டு வடக்கே நடப்பார்கள். தாசையன் கம்பத்தில் சாய்ந்து கிளாஸை வாயில் வைத்தபோதுதான் சாமுவேல் சார் என் கையைப் பிடித்துக் களத்துக்குள் இழுத்தார்.

"மெட்ராஸ் சாறு ரெண்டு வார்த்தை பேசுவாரு!"

அந்த நேரம் பார்த்து, பனச்சமூட்டில் நடந்த கூட்டம் முடிந்து ஒரு லாரி நிறைய வாலிபர்கள் கொடியோடு வந்து வரப்பில் குதித்திருந்தார்கள். போராட்டத்தை எழுத வந்தவன் என்று சொல்லிவிட்டேனே. போராட்டத்தைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பது? முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னேன். வாலிபர்கள் கை தட்டினார்கள். கைதட்டல் கேட்டால் என் நாக்குக்கு எலும்பே கிடையாது. தாய்மொழி என்றேன், மண் என்றேன், மானம் என்றேன். பிறகு நீலச் சட்டைகளைக் காட்டி, "இதோ நம் தமிழ் அணி!" என்றேன். தெற்கே கையை நீட்டி, "தமிழன் கோட்டைக்குத் தாசையன் காவல்! மாற்றான் பந்து நுழைய முடியாத வாசல்!" என்று முழங்கினேன்.

வாலிபர்கள் ஆரவாரம் செய்தார்கள். "தாசையன் வாழ்க!" என்று ஒருவன் கொடியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் கட்டினான்.

மைதானத்தில் மற்றவர்கள் எல்லோரும் தெற்குக் கம்பத்தையே பார்த்தார்கள். தாசையன் பாதி குடித்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிரே சிவப்புச் சட்டைக்காரர்கள், இப்போது அவருடைய ஆட்கள். அவர்களுக்காக அவர் நின்றால் அந்த வாலிபர்கள் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கடை எவனும் கல்லெறியக்கூடிய ரோட்டோரத்தில் இருக்கிறது என்பதும் தெரியும்.

மாதவன் பிள்ளை மெல்ல நடந்து அவரிடம் போனார். "மதி தாசையா, மதி" என்றார். போதும் என்று அர்த்தம். கிளாஸைத் தாமே வாங்கிக்கொண்டார். "நீ அங்க போ. இன்னைக்கு நான் நிக்கிறேன்."

தாசையன் தெற்குக் கம்பத்திலிருந்து வடக்குக் கம்பத்துக்கு நடந்தார். அந்த மைதானத்தை அவர் குறுக்கே கடந்ததை யாரும் முன்பு பார்த்ததில்லையாம். சாமுவேல் சார் பிறகு சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் தலையைக் குனிந்து நடந்தார். நான் களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது ஒதுங்கி, வழிவிட்டுப் போனார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் பாதி. தெற்கே கொடி கட்டிய கம்பத்துக்குள் மாதவன் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். குனியவே கஷ்டப்படுகிற மனிதர். நீலச் சட்டைக்காரர்களிடம் பந்து வந்தது. ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான், அவன் மூன்றாமவனுக்குக் கொடுத்தான். கோலுக்குப் பத்தடியில் ஒருவன் தனியாக நின்றான். அவனும் பின்னால் தட்டிவிட்டான். யாரும் அடிக்கவில்லை.

"எலே, அடிலே!" என்று வரப்பிலிருந்து வாலிபர்கள் கத்தினார்கள்.

அடிக்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரர்களும் வடக்கே போனார்கள். செல்லையன் தூரத்திலிருந்தே பந்தை உருட்டிவிட்டான். தாசையன் எடுத்து, அவன் காலுக்கே திருப்பி உருட்டினார். இரு பக்கமும் இப்படியே. கொஞ்ச நேரத்தில் வாலிபர்களுக்குச் சலித்தது, லாரி ஏறினார்கள். லாரி போன பிறகாவது ஆட்டம் பழையபடி மாறும் என்று நான் ஆசைப்பட்டேன். மாறவில்லை. ரெஃபரி நேரத்துக்கு முன்பே ஊதிவிட்டார். கொடியை யார் அவிழ்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அது கம்பத்திலேயே கிடந்தது.

அந்தி. வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் சொல்லலாம். நான் வந்த வேலையையும் விடவில்லை. ஏதாவது ஒரு நல்லதாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது. தையல் கடைக்குப் போனேன். தாசையன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"பட்டணத்தில் புதிதாக ஓர் அணி வருகிறது. மாதம் எழுபது ரூபாய். வருகிறீர்களா?"

அவர் கை நின்றது. எழுபது ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை அல்ல. முகத்தில் ஆசை வந்தது, நான் கண்டேன். மடித்த சட்டையை அவிழ்த்து மறுபடி மடித்தார்.

"அங்க வேறொரு டீமு உண்டுல்லா சாறே?"

"உண்டு. அதை ஜெயிக்கத்தான் இது."

"அவங்களுக்கு நல்ல கோலி உண்டா?"

"சுமாரான ஆள்."

"பாதி நேரம் நான் அவங்களுக்கு நிக்க விடுவாங்களா?"

"சேச்சே, அது எப்படி?"

அவர் தலையை ஆட்டினார். "அப்பம் இன்னைக்கு நடந்த களிதான் அங்க தினமும்." பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று அவருக்கே வருத்தம் வந்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் பேசுனிய. அடுத்த சனியாழ்ச்சை அவங்க வெள்ளம் கொண்டு தருவாங்களாண்ணு தெரியல்ல. அதாக்கும் எனக்கு இப்ப விசாரம்."

நல்லதுக்குப் பேசினேனா? கைதட்டலுக்குப் பேசினேன். 

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மணி அடித்தது. சாமுவேல் சார் ஆராதனைக்கு முன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். ரோட்டோரம் நின்றபோது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பந்தாட்டக்காரர்களைத் தேடி வந்தவன், உங்கள் மச்சினன் விஷயம் கேட்டதும் சொல்ல வெட்கமாகிவிட்டது என்றேன். அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "பந்து காணவா வந்திய? அதெ பஸ்ஸுலயே சொல்லியிருக்கலாமே சாறே! அதுல என்ன கொறச்சல்? எனக்க மச்சினன் எந்த டீமு தெரியுமா? வாசகசாலை டீமுல சென்டர் ஃபார்வேர்டு. மாதவன் பிள்ளைதான் அவனுக்கு ஜாமீனுக்கு அலையிறாரு." குடையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "போராட்டத்தைப் பத்திப் பேச எங்களுக்கு இங்க ஆளு நிறைய உண்டு. பந்தைப் பத்திப் பேச மெட்ராஸிலேருந்து ஒருத்தரு வந்தாருண்ணா ஊரே தலையில வச்சிருக்குமே."

பஸ் வந்தது. பழச் சீப்பில் மிச்சமிருந்ததை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு அருகதை இல்லை. பஸ் அந்த வயலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். தெற்குக் கம்பத்தின் கொடியை மாதவன் பிள்ளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உயரம் எட்டவில்லை, ஒரு கல்லை உருட்டி வந்து ஏறியிருந்தார். அவிழ்த்ததைக் கீழே போடவில்லை. புழுதியைத் தட்டி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தாசையன் அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர் கோயிலில் இருந்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். மற்றொரு காரணமும் இருக்கலாம் என்ற நினைப்பு அமரவிளைப் பாலம் வரை கூடவே வந்தது.

இந்தப் பயணத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் இதை எழுதுவது எளிதாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. மீன்குழம்பு கொடுத்தார்கள், ஜிப்பா தைத்தார்கள், பழம் கொடுத்தார்கள். எங்கள் பட்டணத்தில் விருந்தாளி ஒருவன் இப்படிச் செய்திருந்தால் செருப்பு பறந்திருக்கும்.

சென்னைக்கு வந்த மறுநாள் முதலாளியைப் பார்த்தேன்.

"கோல்கீப்பர் கிடைச்சானா?"

"ஒருவர் இருக்கிறார். வரமாட்டார்."

"போகட்டும், வேற ஆள் பார்ப்போம். கேட்ட கேள்வி என்ன ஆச்சு? ரெண்டாவது அணியை ஊர் தாங்குமா?"

பாதி பாதி எடுக்கணும் என்று மாதவன் பிள்ளை சொன்னதை எடுத்துச் சொல்லலாமா என்று பார்த்தேன். மேஜைமேல் எல்லைத் தமிழன் அணி போஸ்டரின் மாதிரிப் பிரதி ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது.

"தாங்கும்" என்றேன். "ஜனத்தை இரண்டாகப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நான் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு பேச்சு போதும்."

திட்டுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுகிறேன் என்றும் தெரியவில்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டு, மனசாரச் சிரித்தார்.

"அப்படின்னா தொடக்க விழாவுல நீங்கதான் பேசணும்" என்றார்.